சராசரிக் கணக்கும் நம் வீட்டுப் பட்டதாரியும்

(கிள்ளான் வட்டாரத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரை)



பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று தோட்டத்து லயங்களிலும் இருக்கின்றார்கள். அப்பட்டத்திற்கு மேற்பட்ட கல்விக்கு வழங்கப்பெறும் உபகாரச் சம்பளங்களைப் பற்றிப் பேசவே நாம் இங்கு வந்துள்ளோம். "பட்டம் வாங்கியாயிற்று, இனி வேலைக்குப் போக வேண்டியதுதானே, இன்னும் என்ன படிப்பு?" என்று உங்களுள் பலர் கேட்பதை நாம் அறிவோம். விடியுமுன் எழுந்து பிரட்டுக்குச் சென்று, மரம் சீவிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர் கேட்கத்தக்க நியாயமான கேள்வியே அது.

நீங்கள் சீவுகின்ற மரத்தையே எடுத்துக்கொள்வோம். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், ஓர் இனத்தோடு மற்றோர் இனத்தைச் சேர்த்துப் பல்லாண்டுகள் சோதித்து, ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற அதிகப் பால் தரும் இனங்களை உருவாக்கியது. சுங்கை பூலோவிலிருந்த அதன் சோதனைத் தோட்டத்தைப் பற்றி மூத்தோர் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதற்பட்டம் பிறர் கண்டறிந்ததைக் கற்பிக்கிறது. மேற்படிப்போ இன்னும் கண்டறியப்படாததைத் தேடப் பழக்குகிறது. தேடலுக்குக் காலமும் பணமும் வேண்டும். அப்பணத்தைத் தருவதே உபகாரச் சம்பளம். 'உபகாரம்' என்ற சொல் சிலரைக் கூசச் செய்கிறது. அது பிச்சையன்று, தேர்ந்தெடுக்கப்பட்டவனுக்குத் தரப்படும் ஊதியம்.

ஒரு காலத்தில் நம் நாடு இத்தகைய உதவியைப் பெறும் வரிசையில் நின்றது. 1950ஆம் ஆண்டு ஜனவரியில் கொழும்பு நகரில் கூடிய காமன்வெல்த் அமைச்சர்கள் வகுத்த கொழும்புத் திட்டம், 1951இல் செயற்படத் தொடங்கியது. 1957இல் சுதந்திர மலாயா அதில் உறுப்பு நாடாயிற்று. அத்திட்டத்தின் வழி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் சென்று கற்றுத் திரும்பிய நம்மவர் பலர். 1980இல் நிலைமை மாறியது. அவ்வாண்டு மலேசியத் தொழில்நுட்ப ஒத்துழைப்புத் திட்டம் தொடங்கப்பெற்று, பிற வளரும் நாட்டினர்க்கு நாமே பயிற்சியளிக்க முன்வந்தோம். இன்று மலாயாப் பல்கலைக்கழகத்திலும், செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்திலும் ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்கள் மேற்படிப்புப் படிப்பதை நீங்களே சென்று காணலாம். பெருமைக்குரிய மாற்றந்தான்.

ஆனால் இப்பெருமையில் நமக்கொரு சிக்கலும் இருக்கிறது. குறைந்த வருமான நாடுகளுக்கென ஒதுக்கப்படும் உபகாரச் சம்பளங்கள், வீட்டின் வருமானத்திற்கு முன் நாட்டின் சராசரி வருமானத்தையே பார்க்கின்றன. உலக வங்கி மலேசியாவை உயர் நடுத்தர வருமான நாடென வகைப்படுத்தியுள்ளது. கோலாலம்பூர் மாடிக் கட்டடத்தில் பணியாற்றும் மேலாளரின் சம்பளமும் மழை நாளில் மரம் சீவ முடியாதவரின் கூலியும் அக்கணக்கில் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன. பிரிட்டன் 1986இல் தொடங்கிய காமன்வெல்த் பகிர்வு உபகாரச் சம்பளம், வேறு வழியில் அங்குச் சென்று படிக்க வசதியற்றவர்க்கென்றே அமைந்தது. எனினும், அது வருமானம் குறைந்த நாட்டினர்க்கே உரியது. நம் பிள்ளைக்கு வசதியில்லையென்றாலும் நம் நாட்டுக்கு உண்டு என்று கூறிவிடுவர். இது நியாயமன்று என்பதே நம் கருத்து.

ஆயினும் மற்ற வாயில்கள் அடைபடவில்லை. 1983 முதல் பிரிட்டிஷ் அரசாங்கம் வழங்கிவரும் செவனிங் உபகாரச் சம்பளத்திற்கு மலேசியரும் விண்ணப்பிக்கலாம். ஓராண்டு முதுகலைப் படிப்புக்குரிய கட்டணம், மாதச் செலவு, விமானப் பயணம் ஆகியவற்றை அது ஏற்றுக்கொள்கிறது. விண்ணப்பிப்பவர் ஏறத்தாழ ஈராண்டு வேலை செய்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. பெற்றோர்களே, இதைச் சற்று கவனியுங்கள்! பிள்ளை முதலில் வேலைக்குச் சென்று, தம்பி தங்கையருக்கு உதவி, அதன் பின்னரும் படிக்கச் செல்லலாம். படிப்பு முடிந்ததும் தாய்நாடு திரும்பி ஈராண்டாவது இருத்தல் வேண்டும் என்பதும் விதியாதலால், பிள்ளை அங்கேயே தங்கிவிடுவானோ என்ற அச்சமும் பெரிதும் குறையும்.

கடல் கடக்க விரும்பாதவர்க்கு உள்நாட்டிலேயே வழியுண்டு. நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி நிதி பெற்றுள்ள பேராசிரியர்கள், மேற்படிப்பு மாணவர்களை மாதப்படி கொடுத்து ஆராய்ச்சி உதவியாளராக அமர்த்திக்கொள்வதுண்டு. விளம்பரத்திற்காகக் காத்திராமல், தேர்ச்சிப் பத்திரங்களுடன் பேராசிரியரை நேரில் சென்று பார்ப்பதே சிறந்தது. நம் பிள்ளைகள் தயங்கி நிற்பது பெரும்பாலும் அந்த அறை வாசலில்தான்.

உபகாரச் சம்பளம் வேறு, கல்விக் கடன் வேறு. கையெழுத்திடுமுன் அது திருப்பிச் செலுத்த வேண்டிய பணமா, ஜாமீன்தாரர் தேவையா, படிப்பு இடையில் நின்றால் என்னாகும் என்று கேட்டறியுங்கள். "உபகாரச் சம்பளம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு" என்று லயத்துக்கு வருபவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். செவனிங் விண்ணப்பத்திற்குக் கட்டணமே கிடையாது.

கூட்டம் முடிந்தபின் இம்மண்டபத்தில் இன்னும் ஒரு மணி நேரம் இருப்போம். பட்டதாரிப் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, தேர்ச்சிப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். பெயர் ஒன்றிலொரு விதமாகவும் மற்றொன்றில் வேறு விதமாகவும் எழுதப்பட்டிருந்தால், அதைத் திருத்தும் வேலையை இன்றைக்கே தொடங்கிவிடலாம்.