பனிமலையில் பாதை விலகும் முன்



வெள்ளை வெளேரென்று கிடக்கும் மலைச்சாய்வில், இரண்டு நீண்ட பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு, கையில் இரு கோல்களை ஊன்றியபடி ஒருவர் பறப்பதுபோல் இறங்கி வரும் காட்சியை நாம் படங்களில் பார்த்திருக்கிறோம். "வழுக்கிக்கொண்டு போவதுதானே, இதிலென்ன பெரிய காரியம்?" என்று நம் பிள்ளைகள் கேட்பதும் உண்டு. சில மணி நேரம் நடக்கும் அந்த இறக்கத்துக்காகப் பல நாள் செய்ய வேண்டிய ஏற்பாடுகள் இருக்கின்றன. அந்த ஏற்பாட்டில் ஒன்று தவறினாலும் உயிர் போகலாம். இன்றைய உரையில் அதைப் பற்றியே பார்ப்போம்.

பனிச்சறுக்கு இரண்டு வகைப்படும். முதல் வகை, போட்ட பாதையில் சறுக்குவது. அங்கே இரவு நேரத்தில் இயந்திரங்கள் பனியை அழுத்திச் சமப்படுத்துகின்றன. பிரான்சு நாட்டில் எளிய பாதைக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு சிவப்பு, மிகக் கடினமானதற்குக் கறுப்பு என்று நிறம் குறித்து வைத்திருப்பார்கள். பாதையின்மேல் பனி சரியக்கூடிய இடங்களில், காலையில் ஆள்கள் வருமுன்னரே வெடி வைத்து அதைச் சரித்துவிடுவார்கள். காவலர்களும் சுற்றி வருவார்கள்.

இரண்டாம் வகை, பாதையை விட்டு விலகி யாரும் மிதிக்காத பனியில் இறங்குவது. அங்கே நிறக் குறியும் இல்லை, காவலரும் இல்லை. பாறை எங்கே மறைந்திருக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. சிப்பாங்கில் 2000, 2001, 2004 ஆகிய ஆண்டுகளில் கார்ப் பந்தயம் வென்ற மைக்கேல் ஷூமாக்கரை நம்மில் பலர் அறிவோம். அவர் 2013-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், பிரான்சின் மெரிபேல் என்னும் ஊரில், போட்ட பாதைகள் இரண்டுக்கு இடைப்பட்ட பகுதியில் சறுக்கும்போது விழுந்து, தலை பாறையில் மோதிப் படுகாயமுற்றார். தலைக்கவசம் அணிந்திருந்தும் அப்படி நேர்ந்தது.

ஓர் ஊரை எடுத்துக்கொண்டு விவரம் பார்ப்போம். பிரான்சின் கிழக்கே, ஆல்ப்ஸ் மலைத்தொடரில், மோன் பிளாங் சிகரத்தின் அடியில் ஷாமோனி என்னும் ஊர் இருக்கிறது. முதலாவது குளிர்கால ஒலிம்பிக் போட்டி 1924-இல் அங்கேதான் நடந்தது. ஊர் இருப்பது ஏறத்தாழ 1,035 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து எகுய் தூ மிடி என்னும் 3,842 மீட்டர் உயரமுள்ள சிகரத்துக்குக் கம்பிவடத்தில் தொங்கிச் செல்லும் ஊர்தி 1955 முதல் ஓடுகிறது. நம் கினபாலு மலையின் உயரம் 4,095 மீட்டர். அதைவிடச் சற்றே குறைந்த உயரத்துக்கு, நடக்காமலே சில நிமிடங்களில் போய்விடலாம்.

அந்த உச்சியிலிருந்து 'வெள்ளைப் பள்ளத்தாக்கு' என்று பொருள்படும் வாலே பிளான்ஷ் வழியாக ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்கலாம். பாதி வழிக்கு மேல் காலடியில் இருப்பது தரை அன்று, பனியாறு. ஆண்டாண்டாக விழுந்த பனி இறுகிக் கட்டியாகி, மலையிலிருந்து மெல்ல நகர்ந்து வருவதைத்தான் பனியாறு என்கிறோம். நகரும்போது அதில் ஆழமான பிளவுகள் உண்டாகும். புதுப்பனி அப்பிளவுகளின்மேல் மெல்லிய பாலம்போல் மூடிக்கொள்ளும். மேலே பார்த்தால் சமதரை, கீழே பாதாளம்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் போக நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது என்ன? வழி தெரிந்த ஆளைத் தேடுவது. இதில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பழைய வரலாறு ஒன்று உண்டு.

1820-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், வெளியூர்க் கனவான்கள் சிலர் மோன் பிளாங் ஏறக் கிளம்பினார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஷாமோனி ஊர்க் குடியானவர்கள் கூலிக்குப் போனார்கள். இடையில் பருவம் கெட்டது, புதுப்பனி விழுந்தது. மேலே போக வழிகாட்டிகள் தயங்கினார்கள். ஆனாலும் கனவான்கள் விருப்பப்படியே பயணம் தொடர்ந்தது. பனி சரிந்தது. மூன்று வழிகாட்டிகள் பனிப்பிளவுக்குள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அவர்களுடைய உடலின் எச்சங்கள் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1861 முதல், பனியாற்றின் கீழ்முனையில் வெளிப்படத் தொடங்கின.

இந்தத் துயரத்துக்கு மறு ஆண்டே, 1821-இல், ஷாமோனி வழிகாட்டிகள் ஒன்றுகூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். வேலையை முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது, விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவ ஒரு நிதி சேர்த்து வைப்பது என்று விதி செய்தார்கள். இருநூறு ஆண்டுகள் கடந்து அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது. உழைப்பவர் ஒன்றுபட்டு நின்றால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு வரும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பணம் கொடுப்பவர் யாராக இருந்தாலும், மலையைத் தெரிந்தவன் "இன்று வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். மழையில் பட்டை நனைந்திருக்கும்போது மரம் வெட்டலாகாது என்பது பால் வெட்டுகிற கைக்குத்தான் முதலில் தெரியும். பனியும் அப்படியே.

அடுத்த ஏற்பாடு, பனிச்சரிவு பற்றிய அறிக்கையைப் படிப்பது. மலைமேல் பனி ஒரே கட்டியாகக் கிடப்பதில்லை. நம் ஊர்க் கூவே லாப்பிஸ் பலகாரம்போல் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொரு முறை பனி விழும்போதும் ஓர் அடுக்கு. இவற்றுள் ஏதாவது ஓர் அடுக்கு சீனியைப்போல் ஒட்டாத பொடியாக மாறிவிட்டால், அதன்மேலுள்ள அடுக்குகளுக்குப் பிடிப்பில்லை. ஒரு மனிதரின் எடை மேலே விழுந்த மாத்திரத்தில் பெரும் பாளமாகப் பிளந்து, மலைச்சாய்வு முழுவதும் கீழே இறங்கிவிடும். இவ்வாறு பனிச்சரிவில் அகப்படுகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விஷயத்தில், பனியைக் கிளப்பிவிட்டது அவரோ அவருடன் வந்தவர்களோதான். ஆகவே, இது பெரும்பாலும் தானாக வந்து விழும் ஆபத்து அல்ல.

ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் இந்த அபாயத்தை ஒன்று முதல் ஐந்து வரை படி வகுத்து அறிவிக்கின்றன. ஒன்று என்றால் குறைவு, ஐந்து என்றால் மிக மிகக் கடுமை. குளிர்காலத்தில் நாள்தோறும் அறிக்கை வரும். எந்தத் திசைச் சாய்வு, எந்த உயரத்துக்கு மேல் என்பதையும் அதில் சொல்வார்கள். இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று. உயிரிழப்புகளில் பெரும்பங்கு நடப்பது ஐந்தாம் படி அறிவித்த நாளில் அன்று, மூன்றாம் படி அறிவித்த நாள்களில். ஐந்து என்று கேட்டால் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் மூன்று என்பது பெரிய எச்சரிக்கை.

மூன்றாவது, சாய்வை அளப்பது. 30 பாகையும் அதற்கு மேலும் சரிந்த இடங்களில்தான் பனிப்பாளங்கள் பெரும்பாலும் பெயர்கின்றன. ஏழடி முன்னே போனால் நாலடி உயரும் சாய்வு அது. முதல் நாள் மாலையே வரைபடத்தை மேசையில் விரித்து, அத்தகைய சாய்வுகளைக் குறித்து, அவற்றின்மேல் மட்டுமல்ல, அவற்றுக்கு நேர்கீழேயும் போகாமல் வழி வகுப்பார்கள். அண்மையில் பனி கொட்டியதா, காற்று வீசியதா, வெயில் ஏறியதா என்றும் பார்ப்பார்கள். காற்று பனியை வாரிக்கொண்டு போய் மறுபக்கச் சாய்வில் குவித்து வைக்கும். அந்தக் குவியல் மிகவும் ஆபத்தானது.

நான்காவது, கருவிகள். ஒவ்வொருவரிடமும் மூன்று பொருள்கள் இருந்தாக வேண்டும். முதலாவது, உடலோடு கட்டிக்கொள்ளும் ஒரு சிறு வானொலிப் பெட்டி. மத்திய அலைக்குச் சற்றுக் கீழே, 457 கிலோஹெர்ட்ஸில், அது இடைவிடாமல் வானொலிக்குறி அனுப்பும். ஒருவர் புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் பெட்டியை வாங்கும் நிலைக்குத் திருப்பி, குறி வலுக்கும் பக்கமாகப் போய் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, மடக்கி வைக்கக்கூடிய நீண்ட குத்துகோல். ஆள் எவ்வளவு ஆழத்தில் என்று அது காட்டும். மூன்றாவது, உலோகத்தாலான மண்வெட்டி. சரிந்து நின்ற பனி கல்லாக இறுகிவிடும். கையால் தோண்ட முடியாது.

ஏன் கூட வந்தவர்களே தோண்ட வேண்டும், உதவிப் படையை அழைக்கக் கூடாதா? அழைக்கத்தான் வேண்டும். ஐரோப்பாவில் 112 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி வரும். ஆனால் நேரம் காத்திருக்காது. புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்துப் பேரில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி கடந்தால் ஏறத்தாழ மூன்று பேர்தான். மூச்சுத் திணறலே பெரும்பாலும் காரணம். ஆகவே கருவி இருந்தால் மட்டும் போதாது, அதைக் கையாளப் பழகியிருக்க வேண்டும்.

2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், ஆஸ்திரியாவின் லெக் என்னும் ஊரில், நெதர்லாந்து இளவரசர் பிரிசோ பாதை விலகிச் சறுக்கும்போது பனிச்சரிவில் புதைந்தார். அன்றைய அறிவிப்பு நான்காம் படி. ஏறத்தாழ 25 நிமிடம் கழித்து அவரை எடுத்தார்கள். நினைவு திரும்பி முழு நலம் பெறாமலே 2013 ஆகஸ்டில் காலமானார். அரண்மனைப் பிள்ளை என்பது பனிக்குத் தெரியாது.

பனியாற்றில் போகிறவர்கள் இவற்றோடு இடுப்பு வார், கயிறு ஆகியவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். 3,800 மீட்டர் உயரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எனவே ஓரிரு நாள் உயரத்தில் தங்கி உடலைப் பழக்குவது நல்லது. பனி வெயிலைத் திருப்பி அடிப்பதால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போனால் கண் கூசி வீங்கி, சில மணி நேரத்தில் பார்வை தடைப்படும். மலை மீட்புக்கும் மருத்துவத்துக்கும் காப்புறுதி எடுத்துவைப்பதும் ஏற்பாட்டில் சேர்ந்ததே.

இன்னொன்று. போன முறை போனவர் சொன்ன வழி இந்த முறை இருக்கும் என்று நம்பக் கூடாது. வாலே பிளான்ஷ் இறக்கத்தின் முடிவில் மோன்தன்வேர் ரயில் நிலையம் இருக்கிறது. அந்த ரயில் 1909-இல் முழுமையாக ஓடத் தொடங்கிய காலத்தில் பனியாறு நிலையத்துக்கு அருகிலேயே கிடந்தது. உலகம் வெப்பமாகிப் பனியாறு மெலிந்து தாழ்ந்துகொண்டே போனதால், பனியிலிருந்து மேலே ஏற 500-க்கும் மேற்பட்ட படிகள் கட்ட வேண்டியதாயிற்று. 2024-இல் வேறிடத்தில் புதிய தொங்கூர்தியே அமைத்தார்கள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கடினமான ஏற்பாடு திரும்பி வருவதற்கானது. எத்தனை மணிக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கே திரும்புவது என்று கிளம்பு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நீண்ட நாள் பணம் சேர்த்து, நெடுந்தூரம் வந்தவருக்குத் திரும்ப மனம் வராது. அடுத்தவர் போகிறாரே என்ற எண்ணமும் இழுக்கும். கூட்டத்தில் யாராவது ஒருவர், அவர் வயதில் இளையவரானாலும், "எனக்குச் சரியாகப் படவில்லை" என்று சொன்னால், ஏன் என்று வாதிடாமல் எல்லாரும் நிற்க வேண்டும் என்பது அனுபவசாலிகள் வைத்திருக்கும் ஒழுங்கு.

நேயர்களே, நம் பிள்ளைகளுள் யாரேனும் படிப்புக்கோ வேலைக்கோ அந்நாடுகளுக்குப் போக நேரிட்டால், நண்பர்கள் பனிமலைக்கு அழைப்பார்கள். போகட்டும், உலகைப் பார்க்கட்டும். ஆனால் போட்ட பாதையில் முறையாகக் கற்றுத் தேறிய பிறகே மற்றதை நினைக்கட்டும். அப்போதும் வழிகாட்டியின் சொல்லைக் கேட்டு, அன்றைய அறிக்கையைப் படித்து, வேண்டாம் என்று தோன்றினால் வெட்கப்படாமல் திரும்பி வரட்டும். மலை அடுத்த ஆண்டும் அங்கேயே நிற்கும். போன உயிர்தான் திரும்பாது.