உட்கார்ந்து எடுக்கும் படம்



யார் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அந்த ஆசிரியரிடம் நான் படித்ததில்லை. அவருடைய மாணவர்கள் வழியாகவே அவரைத் தெரிந்துகொண்டேன். பிள்ளைகளைப் பேசவிட்டுக் காத்திருந்து கேட்பார் என்று அவர்கள் சொல்வார்கள். அந்தக் குணத்துக்குத் தலைவணங்கிவிட்டு நேரே பொருளுக்கு வருகிறேன்.

ஊருக்கு ஓர் ஊடக மையம் வேண்டும், அங்கே இளைஞர்கள் படம் எடுக்கப் பழக வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக்கருத்து இராது. அது எதற்கு என்பதில்தான் சண்டை. இருபது ஆண்டுகளாக, ஊடகம் கற்பிக்கும் என் துறை நண்பர்களோடு இதைப் பேசி வருகிறேன். பாடத்திட்டக் குழுக்களில் பேசித் தோற்றிருக்கிறேன். இன்று பதில் சொல்ல அவர்களுக்கு மேடை இல்லை. ஆகவே அவர்கள் பக்கத்தை முதலில் குறைக்காமல் சொல்லிவிடுவதுதான் முறை.

அவர்கள் சொல்வது இது. கேமரா இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. இல்லாதது பயிற்சி. 2009-இல் கலைஞர் தொலைக்காட்சியில் ‘நாளைய இயக்குநர்’ என்ற குறும்படப் போட்டி வந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி போன்றவர்கள் குறும்படம் என்ற ஏணியில் ஏறித்தான் சினிமாவுக்குப் போனார்கள். நம் விருத்தாசலத்துப் பிள்ளை ஒருவன் அப்படி ஏறினால் மையம் வென்றது. அதற்கு ஓர் அறை, நாலு கேமரா, இரண்டு எடிட்டிங் கணினி, சென்னையிலிருந்து ஓர் இயக்குநர், பத்து நாள் பட்டறை, கடைசி நாள் திரையிடல், சான்றிதழ்.

இதில் பொய் எதுவும் இல்லை. நானே அப்படிப்பட்ட பட்டறைகளில் வகுப்பெடுத்திருக்கிறேன். கடைசி நாள் திரையிடலுக்கு எடுத்தவர்கள் வருவார்கள், சொல்லிக்கொடுத்தவர்கள் வருவார்கள், சிறப்பு விருந்தினர் வருவார். யாரைப் படம் எடுத்தார்களோ அவர்கள் வருவதில்லை. அவர்களை அழைக்கும் வழக்கமே இல்லை. என் சண்டை அந்தக் காலி நாற்காலிகளில் தொடங்கியது.

பஸ்தாபூர்ப் பெண்கள்

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம் பஸ்தாபூர் என்ற ஊர் இருக்கிறது. முன்பு ஆந்திரத்தின் மேதக் மாவட்டம், இப்போது சங்காரெட்டி மாவட்டம். வானம் பார்த்த பூமி, சிறுதானியம் விளையும் மண். 1983-இல் அங்கே டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி தொடங்கப்பட்டது. தூர்தர்ஷனில் நிகழ்ச்சித் தயாரிப்பாளராக இருந்த பி.வி. சதீஷ் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2023-இல் மறைந்தார். ஊர்தோறும் பெண்கள் சங்கங்கள் உருவாயின. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். கையகல நிலம் வைத்திருந்தவர்கள், கூலிக்குப் போனவர்கள், பலர் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்.

இந்தப் பெண்கள் 1990-களின் பிற்பகுதியில் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்கள். 2001-இல் அது ‘சமுதாய ஊடக அறக்கட்டளை’ என்ற அமைப்பாக வடிவம் பெற்றது. சின்ன நரசம்மா, ஹும்னாபூர் லட்சுமி போன்றவர்கள் அப்படிக் கேமரா எடுத்தவர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கேமரா எப்படிக் கைவந்தது என்று வியப்பவர்கள் உண்டு. எனக்கு வியப்பு அதில் இல்லை. களை பறிக்கும் விரலுக்கு ஃபோகஸ் வளையம் கடினமான பொருளல்ல. அவர்கள் கேமரா மொழிக்குச் சொந்தமாகப் பெயர் வைத்துக்கொண்டார்களே, அங்கேதான் நான் நின்றுவிட்டேன்.

நம் வகுப்பறையில் மூன்று கோணங்கள் சொல்லிக்கொடுப்போம். மேலிருந்து எடுப்பது ஹை ஆங்கிள். கீழிருந்து எடுப்பது லோ ஆங்கிள். கண்மட்டத்தில் எடுப்பது ஐ லெவல். மேலிருந்து எடுத்தால் ஆள் சிறுத்துத் தெரிவான், கீழிருந்து எடுத்தால் ஓங்கித் தெரிவான் என்று தேர்வில் எழுதச் சொல்வோம். நம் கதாநாயகர்கள் திரைக்குள் காலெடுத்து வைக்கும்போது கேமரா அவர்கள் பாதத்தடியில் கிடப்பதைச் சுட்டிக்காட்டுவோம்.

பஸ்தாபூர்ப் பெண்கள் மேலிருந்து எடுப்பதைப் ‘படேல் ஷாட்’ என்கிறார்கள். படேல் என்றால் ஊர்ப் பெருநிலக்காரர். அவர் திண்ணையில் உட்கார்ந்து, கீழே நிற்பவரைப் பார்க்கும் பார்வை அது. கீழிருந்து மேலே பார்ப்பது ‘அடிமை ஷாட்’. படேலின் முன்னால் கைகட்டி நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் பார்வை. கண்ணுக்குக் கண் நேராக எடுப்பது ‘சங்கம் ஷாட்’. சங்கக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே தரையில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே யாரும் யாரையும் மேலிருந்தோ கீழிருந்தோ பார்க்க முடியாது.

இதைக் கருத்தரங்குகளில் சொன்னபோதெல்லாம் ‘அழகான உவமை’ என்று பாராட்டிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விட்டார்கள். இது உவமை இல்லை என்பதுதான் என் வழக்கு. இது ஒரு கோட்பாடு, அதுவும் நம் பாடநூலில் இருப்பதைவிடக் கூர்மையானது. எப்படி என்று சொல்கிறேன்.

பாடநூல் கோணத்துக்கு எங்கிருந்து பெயர் எடுக்கிறது? கேமரா இருக்கும் உயரத்திலிருந்து. அதன் கேள்வி, எடுக்கப்படுபவர் எப்படித் தெரிகிறார் என்பது. பஸ்தாபூர்ப் பெண்கள் பெயர் எடுப்பது பார்ப்பவர் யார் என்பதிலிருந்து. அவர்களுடைய கேள்வி, இவரைப் பார்க்கும்போது நான் யாராக இருக்கிறேன் என்பது. முதல் கேள்வியைக் கேட்டுப் பழகியவன் கீழிருந்து எடுத்து ஒரு கூலித்தொழிலாளியை மகத்தானவராகக் காட்டிவிட்டேன் என்று நிறைவடைவான். இரண்டாவது கேள்வியைக் கேட்பவருக்கு அந்த நிறைவு வராது. இவரை நான் ஏன் அண்ணாந்து பார்க்கிறேன், இவர் எனக்குப் படேலா என்று கேட்பார். ஏழையைச் சிறுமைப்படுத்தாதே என்று மட்டும்தான் நாம் சொல்லிக்கொடுத்தோம். அவரைப் பீடத்தில் ஏற்றுவதும் அதே நோயின் மறுபக்கம் என்பதை நமக்குச் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்.

அடுத்தது இன்னும் முக்கியம். சங்கம் என்ற ஒன்று ஏற்கெனவே இருந்ததால்தான் ‘சங்கம் ஷாட்’ என்ற பெயர் பிறந்தது. கணக்கைப் பாருங்கள். 1983-இல் அமைப்பு, கேமரா வந்தது 1990-களின் பிற்பகுதியில். நடுவில் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே தரையில் உட்கார்ந்து விதையைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசிய பழக்கம். கேமரா அந்த வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

அந்த உட்காரல் என்ன செய்யும் என்பதற்கு ஒரு படத்தைச் சொல்கிறேன். 2002 மார்ச்சில் மரபணு மாற்றப்பட்ட பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. வாரங்கல் மாவட்ட விவசாயிகள் அதை விதைத்தார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் விதைக்கும்போது ஒரு நாள் போனால் சிரிப்பை எடுத்து வருவார்கள், கருகிய பிறகு ஒரு நாள் போனால் அழுகையை எடுத்து வருவார்கள். இந்தப் பெண்கள் அதே விவசாயிகளிடம் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போனார்கள். செடி பூக்கும்போது என்ன பேசினார், காய் பிடிக்கும்போது என்ன பேசினார், எடைபோட்ட பிறகு என்ன பேசினார் என்று ஒரே மனிதரின் முகம் மாறுவது பதிவானது. 2003-இல் வந்த அந்தப் படம் வாரங்கல் விவசாயிகள் பி.டி. பருத்தி மேல் ஏன் கோபப்படுகிறார்கள் என்ற கேள்வியையே தலைப்பாகக் கொண்டது. எந்தக் கட்டத்தில் போக வேண்டும் என்பது விவசாயிக்குத்தான் தெரியும். அதை எந்தப் பத்து நாள் பட்டறையும் கற்றுத்தராது.

என் நண்பர் ஒருவரின் வலுவான மறுப்பையும் மறைக்கக் கூடாது. பஸ்தாபூருக்குப் பின்னால் பெரிய அமைப்பு இருந்தது, நிதி இருந்தது, அது எல்லா ஊருக்கும் வாய்க்காது, ஆகவே அது எடுத்துக்காட்டாகாது என்பார். அமைப்பு இருந்தது உண்மை. என் வாதமும் அதுதான். கூடி உட்காரும் பழக்கம் முதல், கேமரா பிறகு. நாம் வரிசையை மாற்றிப் போட்டுவிட்டு, பட்டறை முடிந்ததும் கேமரா ஏன் பீரோவில் தூங்குகிறது என்று கேட்கிறோம்.

இந்த ஊரில் நானே கண்டது ஒன்று. பீங்கான் பொம்மைக்கு வர்ணம் தீட்டும் தன் தாயை ஒரு மாணவன் ஐந்து நிமிடப் படமாக எடுத்து வந்தான். ஒளி நன்றாக இருந்தது, இசையும் சேர்த்திருந்தான். அம்மாவுக்குக் காட்டினாயா என்று கேட்டேன். இல்லை என்றான். காட்டிவிட்டு வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தபோது அவன் முகம் வேறாக இருந்தது. அம்மா பார்த்துவிட்டு, “என் தலையும் முதுகும்தாண்டா தெரியுது, கையைக் காணோமே” என்றாராம். அவன் நின்றுகொண்டு எடுத்திருக்கிறான். அவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர். மறுபடி அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எடுத்தான். இந்த முறை மூன்று முடி அகலமுள்ள தூரிகை தெரிந்தது, மூச்சை அடக்கிக்கொண்டு அவர் பொம்மையின் கண்ணை எழுதுவது தெரிந்தது. பஸ்தாபூர் என்ற பெயரையே அவன் கேள்விப்பட்டதில்லை. அவனுக்கு வகுப்பெடுத்தது அந்தத் தாய், அதுவும் ஒரே ஒரு திரையிடலில்.

வேறு இரண்டு ஊர்கள்

எடுத்ததை ஊருக்கே காட்டுவது வேறிடங்களிலும் நடந்தது. சுருக்கமாகச் சொல்கிறேன். 1967-இல் கனடாவின் ஃபோகோ தீவில், மீனவர்களை வேறிடத்துக்குக் குடிபெயர்க்க அரசு முனைந்த நேரத்தில், தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ சுமார் இருபத்தேழு சிறு படங்கள் எடுத்தார். அவற்றைத் தீவு மக்களுக்கே போட்டுக் காட்டினார். நேரில் பேசிக்கொள்ளாத ஊர்க்காரர்கள் திரையில் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டார்கள். பிறகு அதிகாரிகளும் பார்த்தார்கள். மீனவர் கூட்டுறவு உருவாயிற்று, அவர்கள் தீவிலேயே தங்கினார்கள்.

1984-இல் கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் ‘ஒடேசா’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். நமக்கு ‘அக்ரகாரத்தில் கழுதை’ படம் தந்த ஜான்தான். சாப்ளின் படத்தை ஊர் ஊராகத் திரையிட்டு மக்களிடம் காசு திரட்டி 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்கள். அங்கேயும் திரையிடல்தான் முன்னால் வந்தது. தமிழ்நாட்டில் ‘நிழல்’ இதழாசிரியர் திருநாவுக்கரசு ஊர்களில் நடத்திய குறும்படப் பட்டறைகளை விரிவாகப் பேச வேண்டும். இன்று நேரம் இல்லை.

விருத்தாசலம்

2006-இல் திரை நட்சத்திரம் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய தொகுதி இது. சினிமாவின் மேல் ஆசைக்கு இங்கே குறைவில்லை. எழுத்தில் இந்த மண் தன் குரலைத் தானே எழுதிக்கொண்டது. த. பழமலயின் ‘சனங்களின் கதை’ 1988-இலும் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-இலும் வந்தன. காட்சியில் அப்படி நடக்கவில்லை. பத்திரக்கோட்டைத் தங்கர் பச்சான் முந்திரிக்காட்டைத் திரைக்குக் கொண்டுபோனார், ஆனால் கோடம்பாக்கம் வழியாகத்தான் கொண்டுபோக முடிந்தது. 1993-இல் பக்கத்து முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு கம்மாபுரம் காவல் நிலையத்தில் சித்திரவதையால் இறந்தார். 2021-இல் அவர் கதையை வைத்து ‘ஜெய் பீம்’ படம் வந்த பிறகே அது நம் பக்கத்து ஊர்க் கதை என்று நம் மாணவர்களில் பலர் அறிந்தார்கள். படம் அவரை இருளர் என்று காட்டியது, ஆனால் அவர் குறவர். அந்தப் படம் செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. முதனை மக்கள் தாங்களே சொல்லும் படம் ஒன்று பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கியிருக்கும்.

கூடிப் பார்ப்பது ஏன் வேண்டும் என்பதைப் பீங்கான் ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. களிக்குழம்பை அச்சில் ஊற்றி, அச்சு நீரை உறிஞ்சிச் சுவர் கட்டியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடும் வேலையைச் சின்னப் பட்டறையிலும் செய்யலாம். ஆனால் சுடுவதற்கு 1200 டிகிரி வேண்டும், ஆளுக்கொரு சூளை கட்டுப்படியாகாது, அதற்குப் பொதுச் சூளை வேண்டும். சுடாத மண் ஒரு மழையில் கரையும். கைபேசியில் எடுப்பது அச்சு வார்ப்பது மாதிரி, அது எல்லாருக்கும் வந்துவிட்டது. ஊர் கூடிப் பார்த்துப் பேசுவதுதான் சூளை. ஊடக மையம் என்று நான் கேட்பது அந்தச் சூளையை மட்டுமே.

இனிச் செய்ய வேண்டியவை

அவைத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். குறிப்பாகச் சொல்லி விடைபெறுகிறேன். சமுதாய வானொலிக்கு 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கும் 2006-இல் தொண்டு அமைப்புகளுக்கும் வழி திறந்த கொள்கை உண்டு. சமுதாயக் காணொளிக்கு அப்படி ஒன்று இல்லை, அதை யாராவது ஆராய வேண்டும். அரசு பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்து மாணவர்கள் சூளைத் தொழிலாளர்களின் சொற்களைப் படத்தோடு தொகுக்கலாம். பொம்மைப் பட்டறைப் பெண்களிடையே மாதம் ஒரு திரையிடல் தொடங்கலாம், அதற்கு ஒரு வெள்ளைத் துணியும் ஒரு ப்ரொஜெக்டரும் போதும். எடுக்கப்பட்டவர் பார்த்துச் சம்மதிக்காத படத்தை வெளியே விடுவதில்லை என்ற விதியை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். கல்யாண வீடியோ எடுப்பவர்களை இந்தத் துறை இதுவரை திரும்பிப் பார்த்ததில்லை. நாற்பது ஆண்டுகளாக இந்த ஊரை எடுத்தவர்கள் அவர்கள்தான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய வி.எச்.எஸ். கேசட்டுகள் இருக்கும். மாசி மகத் தேர், மணிமுத்தாற்று வெள்ளம், புகை கிளம்பும் சூளை, இப்போது இல்லாத தாத்தா எல்லாம் அவற்றில் இருக்கலாம். நம் ஈரக்காற்றில் அந்த நாடாவில் பூஞ்சை பிடிக்கும், ஆண்டுக்கு ஆண்டு படம் அழியும். தூக்கிப் போடாதீர்கள். இந்தக் கல்லூரி நூலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள். கணினிக்கு மாற்றிவிட்டு உங்களிடமே திருப்பித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.