எந்த வண்டி நம் வீட்டுக்கு?

(இராயபுரத்தில் நடைபெற்ற குடும்ப ஐக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்தில் பேச வேண்டும் என்று ஐயா அவர்கள் என்னைக் கேட்டபோது, "நான் பிரசங்கியாரும் இல்லை, டாக்டரும் இல்லை, எதைப் பற்றிப் பேசுவது?" என்றேன். "உங்கள் வீட்டில் வண்டி வாங்கிய கதையைச் சொல்லுங்கள். நம்மில் பல குடும்பங்கள் அதே கேள்வியோடுதான் இருக்கின்றன" என்றார்கள். ஆகவே அதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

எங்கள் வீடு திருவொற்றியூரில். என் தம்பி குடும்பம் இங்கே இராயபுரத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. சிறுநீரகம் பழுதடைந்ததால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட வேண்டும். நான்கு மணி நேரம் கழித்து மறுபடியும் போய் அழைத்து வர வேண்டும். ஆட்டோவில் ஏறி இறங்க அம்மாவால் முடியவில்லை. சிகிச்சை முடிந்து வரும்போது தலை சுற்றும், வாந்தி வரும். ஆகவே இரண்டு குடும்பமும் சேர்ந்து, சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள ஏழு பேர் வேன் ஒன்று வாங்கத் தீர்மானித்தோம். தீர்மானித்தது சுலபம். எந்த வேன் என்பதில்தான் மூன்று மாதம் போயிற்று.

தம்பி பெட்ரோல் வண்டி என்றான். என் மகள் மின்சார வண்டி என்றாள். வேடிக்கை என்னவென்றால், இருவரும் காட்டியது ஒரே வண்டியை. கியா நிறுவனத்தின் கேரன்ஸ் கிளாவிஸ் 2025 மே மாதம் பெட்ரோல், டீசல் இஞ்சின்களோடு வந்தது. ஜூலையில் அதே வண்டி பாட்டரியோடு வந்தது. பெட்ரோல் வண்டியின் அறிமுக விலை 11.49 லட்சத்திலும், மின்சார வண்டியின் அறிமுக விலை 17.99 லட்சத்திலும் தொடங்கின. சிறிய பாட்டரி 42 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஒருமுறை நிரப்பினால் 404 கிலோமீட்டர் ஓடும் என்பது அரசு அங்கீகரித்த சோதனைக் கணக்கு. நம் சாலையில், ஏ.சி.யும் போட்டு, இதில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் போதும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பது நாம் அறிந்த உவமை. நாங்களும் அப்படியே ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தோம். வசதிகள் ஒத்த வண்டிகளை ஒப்பிட்டு, வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, மின்சார வண்டிக்கு மூன்று லட்சம் அதிகம் என்று வைத்துக்கொண்டோம். சென்னையில் 2025-ல் பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் அளவில் இருந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போகிற நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு எட்டரை ரூபாய். மின்சார வண்டி ஒரு யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் ஓடுகிறது. வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டோம். அப்போதும் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எழுபது காசுக்குள் அடங்கிவிட்டது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து எங்கள் ஓட்டம் நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர், வருஷத்துக்கு 12,000. மிச்சம் ஏறக்குறைய 80,000 ரூபாய். நான்கு வருஷத்துக்குள் அந்த மூன்று லட்சம் திரும்பிவிடும். ஆனால் அன்பானவர்களே, அதே கணக்கை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்கும், மாதம் ஒருமுறை உறவினர் வீட்டுக்கும் மட்டும் வண்டி எடுக்கிற குடும்பத்துக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் வரும். மிச்சம் 20,000 ரூபாய். மூன்று லட்சம் திரும்ப பதினைந்து வருஷம் ஆகும். அந்தக் குடும்பத்துக்கு மின்சார வண்டி லாபம் என்று யாராவது சொன்னால் நம்பாதிருங்கள். வண்டி நின்றால் மிச்சமில்லை, ஓடினால்தான் மிச்சம்.

பணக் கணக்கு முடிந்ததும் தம்பி ஒரு கேள்வி கேட்டான். "அண்ணே, இராத்திரி வண்டி எங்கே நிற்கும்?"

அதுதான் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. தம்பி குடியிருக்கும் சந்தில் இரண்டு சைக்கிள் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். வண்டியைத் தெருமுனையில்தான் நிறுத்த முடியும். வீடும் மாடியில், வாடகை வீடு. மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, நடைபாதை வழியாக இழுத்து வந்து சார்ஜ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதிருங்கள். மழைக்காலத்தில் அந்த ஒயரை மிதிப்பது நம் பிள்ளையாகவோ பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கும். சொந்தமாக நிறுத்துமிடமும், சொந்த மீட்டரிலிருந்து நேரே வரும் தனி லைனும் இல்லாத வீட்டுக்கு மின்சார வண்டி இன்னும் ஏற்றதல்ல. வெளியே கட்டணம் கொடுத்து சார்ஜ் ஏற்றினால் வீட்டைவிடக் கூடுதலாகச் செலவாகும், மிச்சக் கணக்கும் உடைந்துபோகும்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு சிறிய வாசல் உண்டு. வண்டி அங்கே நிற்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து தனி லைன், நல்ல எர்த், மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் டிரிப்பர் மூன்றும் போட்டோம். எங்கள் இணைப்பு இவ்வளவு லோடு தாங்குமா என்று மின்வாரிய அலுவலகத்திலும் கேட்டுக்கொண்டோம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் முழு பாட்டரியும் நிரம்ப ஒரு இராத்திரிக்கு மேலாகும். ஆனால் நாள் ஒன்றுக்கு ஓடிய 40 கிலோமீட்டருக்கு ஈடுசெய்ய இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

அடுத்தது நடுராத்திரிக் கேள்வி. 2023 டிசம்பர் மாதத்தை நாம் யாரும் மறக்கவில்லை. மிக்ஜாம் புயல் மழையில் எத்தனை தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை! எண்ணூர், எர்ணாவூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள் வந்தது. அந்தத் துயரம் ஆறுவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. பிள்ளைகளையும் முதியவர்களையும் தூக்கிக்கொண்டு ஜனங்கள் இருட்டில் ஓடினார்கள். "அப்படி ஒரு ராத்திரியில் வண்டியில் சார்ஜ் இல்லையென்றால் அம்மாவை என்ன செய்வது?" என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. பெட்ரோல் டேங்க் காலியாக இருந்தாலும் இதே கதிதான் என்றாலும், பெட்ரோலை ஐந்து நிமிஷத்தில் நிரப்பலாம்.

ஆகவே ஒரு சட்டம் வைத்தோம். சாயங்காலம் வண்டி வாசலுக்கு வந்தால் பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்தால் அன்றைக்கே முழுவதும் நிரப்பி, மேடான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முழு பாட்டரி இருந்தால் எங்கள் ஓட்டத்துக்கு ஐந்தாறு நாள் தாங்கும். பெட்ரோலானாலும் பாட்டரியானாலும் ஆழம் தெரியாத வெள்ளத்தில் வண்டியை இறக்கக் கூடாது. வெள்ளத்தில் நின்ற மின்சார வண்டியை மெக்கானிக் பார்க்கும்வரை சார்ஜ் போடவே கூடாது.

தூரப் பயணத்தைப் பற்றியும் பேசினோம். அப்பா நாசரேத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்தவர். கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போகாமல் இருக்க முடியாது. மின்சார வண்டியில் போனால் வழியில் இரண்டு இடத்திலாவது நின்று சார்ஜ் ஏற்ற வேண்டும், பண்டிகைக் கூட்டத்தில் வரிசையும் இருக்கும். ஆனால் வருஷத்தில் ஒருமுறை போகிற ஊருக்காக, மற்ற நாளெல்லாம் ஓடுகிற வண்டியைத் தேர்ந்தெடுப்பது சரியா? எழும்பூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினால் நாசரேத்தில் இறங்கலாம் என்று முடிவு செய்தோம். உங்கள் வீட்டில் மாதந்தோறும் திருநெல்வேலிக்கோ வேலூருக்கோ போக வேண்டியிருந்தால் உங்கள் முடிவு வேறாக இருக்கலாம்.

இவ்வளவு பேச்சையும் அம்மா கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "ஏம்பா, அந்தக் கரண்ட்டு எங்கேருந்து வருது?"

அம்மா எண்ணூரில் பிறந்தவர்கள். 1970-ல் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல் மூடப்படும்வரை அதன் நிழலில் வாழ்ந்த ஊர் அது. காயப்போட்ட துணியில் சாம்பல் படிந்ததைப் பற்றி எங்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையம் மூடப்பட்டாலும், பக்கத்திலேயே அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகிறது. வட சென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில்தான் திறக்கப்பட்டது. "நம்ம வண்டியில புகை வராது, சரி. அந்தப் புகை செப்பாக்கத்துக்காரங்க வீட்டுக்குத்தானே போகும்?" என்றார்கள் அம்மா.

என் மகள் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டாள். 100 கிலோமீட்டர் ஓட, வழியில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 20 யூனிட் மின்சாரம் உற்பத்தியாக வேண்டும். எல்லாமே நிலக்கரியில் வந்தால் ஏறக்குறைய 14 கிலோ நிலக்கரி எரியும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல் என்பதால், நான்கைந்து கிலோ சாம்பல் சாம்பல் குளத்துக்குப் போகும். அதே தூரத்துக்குப் பெட்ரோல் வண்டி எட்டு லிட்டருக்கு மேல் எரித்து, 19 கிலோ கரியமில வாயுவை நாம் நடக்கிற தெருவிலேயே விடும். மின்சார வண்டிக்கு, நாட்டின் எல்லா மின்சாரத்தையும் சேர்த்த சராசரிப்படி, 14, 15 கிலோ வரும். குறைவுதான். ஆனால் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பாட்டரி செய்வதற்கும் ஒரு கணக்கு உண்டு.

நம் மாநிலத்தில் ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றுகிறது, கமுதியில் சூரிய மின்சாரம் எடுக்கிறார்கள். அவற்றின் பங்கு கூடக்கூட, வாங்கிய வண்டியை மாற்றாமலே அதன் புகை குறையும். பெட்ரோல் வண்டியோ வயதாக ஆகக் கூடுதலாகத்தான் புகைக்கும். வெயில் இருக்கும் பகல் நேரத்தில் சார்ஜ் போடுவது நல்லது என்றும் மகள் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் இப்போது அப்படியே செய்கிறோம்.

அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் ரத்தத்தைச் சுத்தம் பண்ற மெஷினும் கரண்ட்டுலதானே ஓடுது. வாங்கிடுங்க. ஆனா ஏழு சீட்டு வண்டியில என்னை மட்டும் ஏத்திக்கிட்டுப் போகக் கூடாது" என்றார்கள். அதோடு விவாதம் முடிந்தது.

எங்கள் தெருவிலிருந்தும் அடுத்த தெருவிலிருந்தும் அதே நாட்களில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார். மற்றவர் ஆட்டோவுக்குப் பணம் இல்லாத வாரத்தில் ஒரு முறையைத் தவறவிடுவார். தவறவிட்டால் உடம்பில் நீர் கோத்து மூச்சு முட்டும். இப்போது இருவரும் அம்மாவோடு வருகிறார்கள். மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடக்கினால் சக்கர நாற்காலிக்கு இடம், மீதியில் எல்லோருக்கும் இடம். ஒரே ஓட்டத்தில் மூன்று பேர். சாம்பலும் புகையும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது அன்றைக்குத்தான். எந்தக் கம்பெனி வண்டியும் செய்யாத சிக்கனம் அது.

சகோதர சகோதரிகளே, 2025 ஜூன் 30-ஆம் தேதி நம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் புறப்பட்டன. ஆகவே இந்தத் தெருக்களில் மின்சார வண்டி ஓடுமா என்ற சந்தேகம் தேவையில்லை. உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா என்பதே கேள்வி. வண்டி எங்கே உறங்கும், நாளொன்றுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், அவசர ராத்திரியில் யாரை ஏற்ற வேண்டும் என்று குடும்பமாக உட்கார்ந்து கேளுங்கள். பதில் பெட்ரோல் என்று வந்தால் வெட்கப்பட வேண்டாம். என் தம்பி தனியாக வாங்கியிருந்தால் பெட்ரோல் வண்டிதான் அவனுக்குச் சரி. இதை நானே அவனிடம் சொன்னேன்.

எந்த வண்டியை வாங்கினாலும் காலியாக இருக்கும் இருக்கையில் யார் உட்காரலாம் என்று மட்டும் யோசியுங்கள். நம் வட சென்னையில் அப்படி ஒருவர் உங்கள் தெருவிலேயே இருப்பார்.