மேசைமீது ஓடிய எஞ்சின்



சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய மோட்டார் காருக்கு விந்தையானதொரு நோய் கண்டது. காலையில் புறப்படும்போது குறையொன்றும் இராது. அரை மணி நேரம் ஓடியபின் யாதொரு அறிகுறியுமின்றி எஞ்சின் நின்றுபோகும். ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டுத் தேநீர் அருந்தித் திரும்பினால், ஒன்றும் அறியாததுபோல் மீண்டும் ஓடும். பட்டறையில் காட்டினேன். அங்கிருந்தவர் என் கதையைக் கேட்டவுடனே, "இசிஎம் போய்விட்டது சார், புதிதுதான் மாற்றவேண்டும்" என்று தீர்ப்பளித்துவிட்டார். அவர் சொன்ன விலை என் ஒன்றரை மாதச் சம்பளம். பெட்டியைக் கழற்றித் தரச் சொல்லி வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதை மேசைமீது வைத்து நான் செய்த சோதனையைப் பற்றியும், அதில் நான் செய்த பிழையைப் பற்றியும் இன்று சொல்ல விரும்புகிறேன்.

இசிஎம் என்பது எஞ்சினை ஆளும் கணிப்பொறி. ஒரு பாடப்புத்தகத்தின் அளவே உள்ள அலுமினியப் பெட்டி. எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது, எந்தக் கணத்தில் தீப்பொறி எழுப்புவது என்ற இரண்டுமே அதன் தலையாய வேலைகள். 1967இல் போஷ் நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் 1600 காருக்கென அமைத்த டி-ஜெட்ரானிக் என்ற பெட்டி டிரான்சிஸ்டர்களால் ஆனது. பெட்ரோலை மட்டும் அளந்தது. தீப்பொறியையும் சேர்த்து ஆளும் மோட்ரானிக் என்ற கணிப்பொறி 1979இல் பிஎம்டபிள்யூ 732ஐ காரில் வந்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் பெட்ரோல் கார்களின் பெட்டிகள் அதன் வழித்தோன்றல்களே.

இப்பெட்டிக்குக் கண்ணும் இல்லை, செவியும் இல்லை. எஞ்சின் சூடாகியிருப்பதை அது நேரே அறிவதில்லை. சூட்டுக்கேற்ப மின்தடை மாறும் ஒரு சென்சாரின் முனையில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்பதைத்தான் அறிகிறது. உலகம் முழுவதும் அதற்கு வோல்ட்டுகளாகவே வந்து சேர்கிறது. ஆகவே எஞ்சின் தரக்கூடிய அதே வோல்ட்டுகளை நாம் மேசைமீது தருவோமாயின், எஞ்சினோடு இருப்பதாகவே பெட்டி நம்பிவிடும். சோதனையின் அடிப்படை இந்த ஏமாற்றுதான்.

முதலில் அந்தக் காருக்குரிய வயரிங் படத்தைத் தேடிப் பெறவேண்டும். கம்பியின் நிறத்தைப் பார்த்து ஊகிப்பது கூடாது. பாட்டரியிலிருந்து எப்போதும் வரும் மின்சாரம் ஒன்று, சாவியைத் திருப்பினால் வருவது ஒன்று, எர்த் கம்பிகள் பல. இவற்றை 12 வோல்ட் தரும் மின்வழங்கியோடு இணைத்தேன். கார் பாட்டரியை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். கைதவறிக் கம்பிகள் ஒட்டிக்கொண்டால் பாட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைப் பாய்ச்சிக் கம்பியை எரித்துவிடும். ஓர் ஆம்பியருக்குமேல் செல்லவிடாத மின்வழங்கியும், வழியில் ஒரு ஃபியூஸும் போதும்.

மின்சாரம் கொடுத்ததும் சென்சார்களுக்கென்று பெட்டி வெளியிடும் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன். 5 வோல்ட் காட்டியது. பெட்ரோல் பம்ப்புக்குரிய ரிலே 'டிக்'கென்று மூடியது. இரண்டு விநாடி சென்றதும் திறந்துகொண்டது. எஞ்சின் சுழல்வதாகச் செய்தி வராவிட்டால் பம்ப்பை நிறுத்திவிட வேண்டும் என்பது பெட்டிக்கு இடப்பட்ட கட்டளை. விபத்தில் குழாய் உடைந்து எஞ்சின் நின்றபின்னும் பெட்ரோல் கொட்டிக்கொண்டிருக்கலாகாதன்றோ?

இனி, சுழலாத எஞ்சினைச் சுழல்வதாகக் காட்டவேண்டும். சோதனையின் சுவையான பகுதி இதுவே. கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் பற்கள் கொண்ட சக்கரம் ஒன்று உண்டு. என் காரில் அறுபது பற்களுக்கு இடம் வகுத்து, இரண்டை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆகப் பற்கள் ஐம்பத்தெட்டு; பல்லுக்குப் பல் ஆறு பாகை. சக்கரம் சுழலும்போது அருகிலுள்ள சென்சார் பல்லுக்கொரு துடிப்பாக அனுப்புகிறது. பல் இல்லாத இடைவெளி வரும்போது துடிப்பு சற்றே தவறுகிறது. தாளம் போடுகிறவர் ஓரிடத்தில் தட்டாமல் விட்டால், பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதென்று பக்கத்திலிருப்பவர் கண்டுகொள்வதைப் போல, அந்தத் தவறிய துடிப்பைக்கொண்டே ஷாஃப்ட் எந்த நிலையில் நிற்கிறதென்று பெட்டி கணக்கிட்டுக்கொள்கிறது. இல்லாத பல்தான் இங்கே செய்தி சொல்கிறது!

இந்தத் துடிப்புகளை உண்டாக்க அர்டுயினோ என்னும் சிறு மின்பலகை ஒன்று போதும். எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று சுழல்வதாகக் கொண்டால் விநாடிக்குப் பத்துச் சுற்று. பற்களின் இடங்களோ விநாடிக்கு அறுநூறு. ஐம்பத்தெட்டு துடிப்பு, இரண்டு துடிப்பின் மௌனம், மீண்டும் ஐம்பத்தெட்டு. இப்படி ஒரு நிரல் எழுதினேன். இரண்டு சுற்றுக்கொரு முறை வரும் கேம் ஷாஃப்ட் செய்தியையும் அதிலேயே சேர்த்தேன். இன்ஜெக்டர்கள் இருக்கவேண்டிய நான்கு இடங்களில் நான்கு எல்இடி விளக்குகளை, ஒவ்வொன்றோடும் ஆயிரம் ஓம் தடை சேர்த்துப் பொருத்தினேன். தீப்பொறிச் சுருளை மேசைக்குக் கொண்டுவரவே இல்லை. அது பல ஆயிரம் வோல்ட் எழுப்பும் பொருள். காற்றுப்பைக்குரிய பெட்டியையும் யாரும் இப்படி வீட்டில் வைத்து விளையாடலாகாது. அந்தப் பைகள் வெடிமருந்தால் விரிபவை.

பொத்தானை அழுத்தினேன். பம்ப் ரிலே மீண்டும் மூடியது, இம்முறை திறக்கவில்லை. நான்கு விளக்குகளும் முறைவைத்து, விநாடிக்கு ஐந்து தடவை, மெல்லக் கண்சிமிட்டின. தெளிக்கும் நேரம் விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளே என்பதால் விளக்கு மங்கலாகத்தான் எரியும். சூட்டுச் சென்சாருக்குப் பதிலாக வைத்த திருகைத் திருப்பி, 2,500 ஓமிலிருந்து 300 ஓமுக்குக் குறைத்தேன். எஞ்சின் சூடேறிவிட்டதென்று நம்பிய பெட்டி பெட்ரோலைச் சுருக்கியது. விளக்குகள் இன்னும் மங்கின. இல்லாத எஞ்சின் ஒன்று என் மேசைமீது ஓடிக்கொண்டிருந்தது!

மின்விசிறியின்கீழ் இரண்டு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு துடிப்பும் பிசகவில்லை. மறுநாள் பட்டறைக்குச் சென்று, பெட்டி குற்றமற்றது என்று சற்று இறுமாப்போடே சொன்னேன். கிராங்க் சென்சாரை மட்டும் மாற்றச் செய்து காரை எடுத்துவந்தேன்.

நான்காம் நாள் மாலை ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் எஞ்சின் நின்றது. பின்னால் லாரிகள். பின்னிருக்கையில் என் தாயார். கைகாட்டி லாரிகளை விலக்கிக்கொண்டே, நான் எதைச் சோதித்தேன், எதைச் சோதிக்கவில்லை என்று எண்ணிப் பார்த்தேன். பெட்டி காரில் இருப்பது எஞ்சினுக்கருகே, கொதிக்கும் காற்றில். நான் அதை ஓட்டியதோ மின்விசிறியின்கீழ். சூடேறியபின் வரும் நோயைக் குளிரிலே தேடியிருக்கிறேன்!

பெட்டி மறுபடி மேசைக்கு வந்தது. தலைமுடி உலர்த்தும் கருவியால் அதன்மீது சூடான காற்றை வீசினேன். 70 பாகைக்கு மேற்போகாதபடி வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பத்து நிமிடம் வரை விளக்குகள் சிமிட்டின. பதினோராம் நிமிடம் நான்கும் ஒருசேர அணைந்தன. 5 வோல்ட் முனையில் பூஜ்யம். மின்வழங்கியின் முள்ளும் கீழே விழுந்தது. பெட்டிக்குள் மின்சாரமே செல்லவில்லை. ஆறவிட்டேன், தானே உயிர்பெற்றது.

மூடியைத் திறந்து உருப்பெருக்கியால் பார்த்தபோது, மின்சாரம் நுழையும் உலோகக் காலைச் சுற்றியிருந்த ஈயத்தில் மயிரிழையளவு வளையமாக ஒரு வெடிப்பு தெரிந்தது. உலோகமும் பலகையும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கியதாலும், எஞ்சினின் அதிர்வாலும் ஈயம் விட்டுப்போயிருந்தது. பழைய ஈயத்தை எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தேன். செலவு சில ரூபாய்.

பட்டறைக்காரரிடம் சென்று, பெட்டி போனது என்று அவர் சொன்னது சரிதான் என ஒப்புக்கொண்டேன். புதிது வாங்கவேண்டியிருக்கவில்லை என்பதையும் சொன்னேன். அவர் அந்த வெடிப்பைக் காட்டச் சொல்லிப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய கார்களில் இச்சோதனை இவ்வளவு எளிதன்று. சாவியில் உள்ள மின்னணு அடையாளம் கிடைக்காவிடில் பல பெட்டிகள் பெட்ரோலை நிறுத்திவிடும். அந்தச் சாவியையும் அதைப் படிக்கும் கருவியையும் சேர்த்தே மேசைக்குக் கொண்டுவரவேண்டும். சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவர் பழைய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். விளக்குகள் சிமிட்டியதும் அவர் மகிழ்ந்து எழுந்துவிட்டார். உட்காரச் சொல்லிவிட்டு, மின்விசிறியை நிறுத்தினேன்.