வரியும் கணக்கும்



பெங்களூரின் பழைய கண்டோன்மெண்டை ஒட்டி அமைந்த பகுதி காக்ஸ் டவுன். 1898-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் இந்நகரை வருத்திய பின்னர், நெரிசலைத் தவிர்க்கும் பொருட்டு இப்பக்கத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணி நம்மையும் இங்கே கொணர்ந்து சேர்த்தது.

2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், பத்தாண்டுகளுக்கு மேல் மாறாதிருந்த குடிநீர்க் கட்டணம் உயர்ந்தது. அதே மாதம் முதல் சொத்துவரியோடு குப்பைக் கட்டணமும் சேர்ந்தது. கட்டடப் பரப்புக்கேற்ப வீடுகளுக்கு மாதம் 10 ரூபாய் முதல் 400 ரூபாய் வரை. அந்நாளில் நம் தெருவிலுள்ள முதியவர் ஒருவர், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பதாண்டுகளுக்கு முன் பிழைக்க வந்தவர், நம்மை நிறுத்திக் கேட்டார்: "தம்பி, குடத்தின் அடியிலே ஓட்டை. மேலும் ஊற்று, மேலும் ஊற்று என்கிறார்கள். ஊற்றுவானேன்?"

நாம் ஏதோ சமாதானம் கூற முற்பட்டோம். அவர் நகைத்தார். "நீங்கள் சர்க்கார் சம்பளம் வாங்குகிறவர். வேறென்ன சொல்வீர்கள்?"

அச்சொல் தைத்தது. பொய்யென்று மறுப்பதற்குமில்லை. நம் வீட்டு அரிசியும் பிறர் கட்டிய வரியினின்றே வருகிறது. ஆதலின் நம் சாட்சியத்தை ஒதுக்கிவிட்டு, கணக்கை மட்டும் பார்ப்போம்.

2024-ஆம் ஆண்டுக் கோடையை இந்நகரத்தார் எளிதில் மறவார். அரசின் ஆழ்துளைக் கிணறுகளில் ஏறத்தாழப் பாதி வற்றின. நம் குடியிருப்பின் கிணறும் வறண்டது. தண்ணீர் லாரிகளின் விலை ஏறவே, மாவட்ட நிர்வாகம் மார்ச் மாதத்தில் உச்சவரம்பு விதித்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். அதாவது ஆயிரம் லிட்டருக்கு 100 ரூபாய். அவ்வேளையில் குடிநீர் வாரியம் ஒரு வீட்டின் முதல் 8,000 லிட்டருக்கு விதித்திருந்த விலையோ ஆயிரம் லிட்டருக்கு 7 ரூபாய். அந்தக் காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் கடந்து, ஐந்நூறு மீட்டர் உயரம் பம்புகளால் ஏற்றப்பட்டு நம் குழாயை அடைகிறது. பொதுப்பணியின் மதிப்பு, அது இல்லாத நாளிலேதான் நமக்குப் புலனாயிற்று.

எனில், முதியவரின் ஐயம் தவறா? அன்று. குழாயில் விட்ட நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கணக்கில் வராமற் போன காலம் ஒன்று இந்நகரில் உண்டு. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்த பின்னர், ஐந்தாண்டுகள் கடந்தும் தேர்தல் நடைபெறவில்லை. வரி வாங்கினார்கள், ஏன் என்று வார்டின் சார்பில் எழுந்து கேட்க உறுப்பினர் இல்லை. குடத்தில் ஓட்டை உண்டு என்பது மெய்யே.

ஆனால் ஐயம் இருவகைப்படும். குடத்தை எறிந்துவிடச் சொல்லும் ஐயம் ஒன்று. ஓட்டை எங்கே என்று விரல் வைத்துக் காட்டும் ஐயம் மற்றொன்று. இரண்டாவதற்கு இந்நகரமே நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் இயக்குநராக இருந்தவர் சாமுவேல் பால். பின்னாளில் பெங்களூரில் பொதுநல ஆய்வு மையம் ஒன்றைத் தோற்றுவித்தார். மாணவனுக்குப் பள்ளி மதிப்பெண் அட்டை தருவதுபோல், குடிநீர், மின்சாரம், மாநகராட்சி முதலிய அமைப்புகளுக்கு மக்களே மதிப்பெண் இடும் முறையை அவர் வகுத்தார். அரசு நல்லதா கெட்டதா என்பது அவர் கேட்ட கேள்வியன்று. குறையைச் சொல்ல எத்தனை முறை நடந்தீர், குறை தீர்ந்ததா, கையூட்டுக் கொடுக்க நேர்ந்ததா என்பனவே கேள்விகள். 1994-இல் வெளியான முதல் அட்டையில் மக்களின் மனநிறைவு மிகமிகக் குறைவு. செய்தித்தாள்கள் அதனைப் பரப்பின. 1999-இலும் 2003-இலும் மீண்டும் மதிப்பிட்டனர். 2003-இல் முன்னேற்றம் கண்கூடாகத் தெரிந்தது. இடையில், 2000-ஆம் ஆண்டில், வீட்டுக்காரரே தம் சொத்துவரியைக் கணக்கிட்டுச் செலுத்தும் முறை வந்தது. மாநகராட்சியின் வருவாய் உயர்ந்தது. வரியை எவ்வாறு கணக்கிட்டார்கள் என்பது விளங்கினால், மக்கள் கை தானே நீள்கிறது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இங்கே தனியானதொரு தயக்கம் உண்டு. வாக்கு ஊரில் இருக்கும்; வாடகை இங்கே. அறிக்கை கன்னடத்தில் வரும். "நாம் வெளியூர்க்காரர், நமக்கேன் வம்பு" என்று ஒதுங்குகிறோம். பிறகு திண்ணையில் அமர்ந்து குறை கூறுகிறோம். வரி கட்டிய சீட்டு எம்மொழியில் இருந்தாலென்ன? கேட்கும் உரிமையை அது தருகிறது. கன்னடத்தில் வரியைக் 'கந்தாய' என்பர். நம் பழந்தமிழ் ஆவணங்களிலும் கந்தாயம் உண்டு. கடமை இருமொழிக்கும் பொது என்றால் கேள்வியும் பொதுவே.

இதனை முதியவரிடம் கூறினோம். "சொல்வது எளிது தம்பி, எழுதித் தருவீர்களா?" என்றார். நம் தெருவின் வடிகால் இரண்டாண்டுகளில் இருமுறை தோண்டப்பட்டது. மழை வந்தால் நீர் இன்னும் வாசலில் நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன், செலவு எவ்வளவு, வேலையை முடிந்ததென ஏற்றவர் யார் என்று இரு கேள்விகளைக் கன்னடத்தில் எழுதிக் கொடுத்தோம். அவர் தமிழில் கையெழுத்திட்டார்.

சில வாரங்களில் மறுமொழி வந்தது. முதற்கேள்விக்கு விடை இருந்தது, இரண்டாவதற்கு இல்லை. படித்துக் காட்டினோம். முதியவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அப்படியானால் மேல்முறையீடு எப்படி எழுதுவது?" என்று கேட்டார்.

தமிழில் வரி என்றால் எழுத்தின் வரிசையும் ஆகும். நாம் கட்டும் ஒவ்வொரு வரிக்கும் கணக்கேட்டில் ஒரு வரி இருத்தல் வேண்டும். அதனைக் காட்டச் சொல்வது பகைமையாகாது, குடிமைக் கடமையாகும். அந்த முதியவரின் மேல்முறையீடு இப்போது நம் மேசையின்மேல் பாதி எழுதிய நிலையில் உள்ளது. இன்றிரவு அதனை முடித்தாக வேண்டும்.