‘சிக்கு’ என்னும் சொல்
(செலியமேட்டில் நம் கல்விச் சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் சாதனைகளைப் பேசுவது வழக்கம். நாமோ இன்று ஒரேயொரு சொல்லை ஆராய விழைகின்றோம். அது ‘சிக்கு’ என்னும் சொல்.

கூந்தல் சிக்குண்டது, நூல் சிக்கலாயிற்று, வலையில் மீன் சிக்கியது, திருடன் சிக்கினான். இவ்வாறெல்லாம் வழங்குகின்றோம். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு விடுபட இயலாது நிற்பதே இச்சொல்லின் பொருள்.

மார்கழித் திங்களில் நம் பெண்டிர் வாயிலில் இடும் சிக்குக் கோலத்தைக் காணுங்கள். புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடும் கோடு, காண்பவர்க்குப் புதிர். இடுபவர்க்கோ தெளிந்த வழி. சிக்கலை அமைத்தவர்க்கு அது சிக்கலன்று, அகப்பட்டவர்க்கே சிக்கல். இவ்வுண்மையை நெஞ்சில் இருத்துவோம்.

‘அவன் கடனில் சிக்கினான்’ என்பது தன்வினை. எழுவாய் கடன்பட்டவன், பழியும் அவன்மேல் விழுகின்றது. ‘சிக்கவைத்தான்’ என்று பிறவினையாக்கினால், அதுவரை மறைந்திருந்த மற்றொருவர் வெளிப்படுகின்றார். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்த இலக்கணம், வாழ்வில் நீதியைக் காட்டும் விளக்காகின்றது.

திருமணத்திற்கோ மருத்துவத்திற்கோ முன்பணம் பெற்ற ஏழை, அதற்கு ஈடாகப் பண்ணையிலோ செங்கற்சூளையிலோ உழைக்கின்றான். கூலியைக் குறிப்பவர் கடன் கொடுத்தவர். கணக்கை எழுதுபவரும் அவரே. வாங்கியவனுக்கு எழுத்துத் தெரியாது. தந்தை பட்ட கடன் மகன் தோளில் ஏறுகின்றது. இதில் சிக்கியவன் யார், சிக்கவைத்தவர் யார்?

பிரெஞ்சு ஆட்சியில் நம் புதுவை, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர் பலர் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1853ஆம் ஆண்டில் மார்த்தினிக் தீவிற்கு முதற் கப்பல் சென்றடைந்தது. ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு. தாம் ஒப்பியது யாதெனப் படித்தறிய இயலாதோர் அவருள் பலர். ஐந்தாண்டுக்கெனச் சென்றவருள் பலர் திரும்பவேயில்லை. காகிதமும் ஒரு வலையே.

அவ்வலையை அறுக்கும் கருவியும் காகிதத்திலேயே உண்டு. நம் அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கின்றது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பையே நீக்கிவிட்டது. ஆயினும் அதன்பின்னும் கொத்தடிமைகள் மீட்கப்பட்ட செய்திகளைப் படித்தே வருகின்றோம். சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. அதைப் படிக்கும் கண்கள் சேரியில் இருத்தல் வேண்டும்.

நம் பக்கத்துப் பாகூரில், ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒரு வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகின்றது. வேதக் கல்விக்குரிய அவ்வாயில் நம் முன்னோர்க்குத் திறந்ததில்லை. கல்விச்சாலைக்கு அருகிலிருந்தும் கல்வி எட்டாத அந்நெடுங்காலமே நம்மைச் சுற்றிய முதற் சிக்கு. நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக அவிழ்த்து வருவது அதனைத்தான்.

இளைஞர்களே! நூல் சிக்கினால் சினந்து வெட்டுவோர் நூலை இழப்பர். பொறுமையாய் நுனியைத் தேடுவோர் நூலையும் காப்பர், சிக்கையும் தீர்ப்பர். நம் கைக்கு எட்டிய நுனி எழுத்தறிவு. படிக்காத தாளில் கையொப்பம் இடற்க. பெற்றோர் வாங்கிய கடனின் கணக்கை வாங்கிப் படித்துக் காட்டுக. அண்டை வீட்டார்க்கு மனு எழுதிக் கொடுக்கக் கூலி கேளற்க.

இச்சொல்லுக்கு அண்மையில் மற்றொரு சொல்லும் உண்டு. ‘சிக்கென’ என்றால் உறுதியாக என்பது பொருள். நம்மைச் சிக்கவைத்தவற்றை அவிழ்ப்போம். கல்வியைச் சிக்கெனப் பற்றுவோம்.