தசையின் வாசலில் ஒரு புரதம்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நரம்பிலிருந்து வரும் தூண்டலால் தசை சுருங்குகிறது" என்று வகுப்பில் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். உண்மையில் நரம்பின் நுனி தசையைத் தொடுவதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. நரம்பு நுனி அந்த இடைவெளியில் அசிட்டைல்கோலினை வெளியிடுகிறது. தசையின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் அதைப் பற்றிக்கொண்டு வாய் திறக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது. இந்தப் புரதத்திற்கு அசிட்டைல்கோலின் ஏற்பி என்று பெயர். ஐந்து துணை அலகுகள் வட்டமாகக் கூடி, நடுவில் ஒரு துளை இருக்கும்படி அமைந்தது இது.

இன்று இந்த மனித ஏற்பியை, எந்த மனிதரின் தசையையும் தொடாமல் ஆய்வகத்தில் தயாரிக்கிறார்கள். அதற்கு என்ன தேவை வந்தது? அதற்கும் நம் வகுப்பறைக்கும் என்ன தொடர்பு? இவ்விரண்டையும் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தசையில் இப்படி ஒரு 'ஏற்கும் பொருள்' இருக்க வேண்டும் என்று 1905இல் கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி கூறினார். ஆனால் பல பத்தாண்டுகள் அதை யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை, ஏனென்றால் தசையில் அதன் அளவு மிகக் குறைவு. கடைசியில் இரண்டு உயிரினங்கள் கைகொடுத்தன. ஒன்று மின்திருக்கை மீன். அதன் மின் உறுப்பில் இந்த ஏற்பி நிறைந்திருக்கிறது. மற்றொன்று தைவான் நாட்டுக் கட்டுவிரியன். 1963இல் சாங், லீ என்ற இரு அறிஞர்கள் அதன் நஞ்சிலிருந்து பிரித்த ஒரு பொருள், இந்த ஏற்பியை இறுகப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. அதையே தூண்டில் முள்ளாக்கி ஏற்பியைப் பிடித்தார்கள். நம் ஊரில் நல்லபாம்பு தீண்டியவருக்கு இமை சரிவதற்கும் இதே ஏற்பி அடைபடுவதே காரணம்.

1973இல் அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் பாட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் மின்விலாங்கு மீனின் ஏற்பியை முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினார்கள். எதிர்ப்பொருள் வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். எதிர்ப்பொருள் கிடைத்தது, ஆனால் முயல்கள் தளர்ந்து விழுந்தன. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நோயில் மனிதருக்கு வரும் தளர்ச்சியும் அப்படிப்பட்டதே. நோயாளியின் உடல் தன் சொந்த ஏற்பிக்கே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது என்பது விளங்கியது. 1976இல் அதை நோயாளிகளின் இரத்தத்தில் கண்டறியும் சோதனையும் வந்தது.

அந்தச் சோதனைக்கு மனித ஏற்பி வேண்டும். அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட கால்களின் தசையிலிருந்து அதை எடுத்தார்கள். அது எத்தனை பேருக்குப் போதும்?

வழி மரபணுவிலிருந்து வந்தது. ஜப்பானின் கியோட்டோவில் ஷோசாக்கு நூமாவின் குழு 1982இல் மின்திருக்கை ஏற்பியின் ஆல்ஃபா துணை அலகுக்குரிய மரபு வரிசையையும், அடுத்த ஆண்டு மனிதருடையதையும் படித்தறிந்தது. அதன்பின் நடந்தது நாம் இன்சுலினுக்குச் சொல்லித்தரும் அதே முறைதான். மனித மரபணுவைப் பிளாஸ்மிடில் இணைத்து ஒரு செல்லுக்குள் செலுத்தினால் அந்தச் செல் புரதத்தைச் செய்து தரும். இதுவே மறுசேர்க்கைப் புரதம்.

இங்கே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துவிட்டால் மட்டும் ஏற்பி ஆகிவிடாது. அது சரியாக மடிய வேண்டும், சர்க்கரைக் கிளைகள் சேர வேண்டும், ஐந்து அலகுகளும் கூட வேண்டும். பாக்டீரியாவால் இவை எல்லாம் ஆகாது. அதனால் ஈஸ்டையும், பாலூட்டிச் செல்களையும் பயன்படுத்துகிறார்கள். ஒரு துண்டு போதும் என்ற ஆய்வுக்குத் துண்டு, முழு உருவம் வேண்டுமென்றால் முழு ஏற்பி.

இந்த வேறுபாடு சிறியதல்ல. நோய் அறிகுறிகள் இருந்தும் சிலருக்கு இரத்தச் சோதனையில் எதுவும் தெரியாமல் இருந்தது. 2008இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மனித ஏற்பியின் மரபணுக்களைச் செல்களில் செலுத்தி, தசையில் இருப்பதைப் போலவே ஏற்பிகளைச் செல் பரப்பில் நெருக்கமாக நிற்கவைத்தார்கள். அப்போது, முன்பு 'இல்லை' என்று முடிவு வந்த பலரிடம் எதிர்ப்பொருள் தென்பட்டது. அவர்களின் நோய் பொய்யல்ல. அதைக் காணும் கருவிதான் போதாமல் இருந்தது.

இனி வகுப்பறைக்கு வருவோம். இந்த நோய் அரிது. ஆனால் குழந்தைகளுக்கும் வரும். காலையில் கணீரென்று வாசித்த குழந்தையின் குரல் பிற்பகலில் தேயும். இமை சரியும். எழுத்து இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லும். மதிய உணவை மெல்ல முடியாமல் நிறுத்தும். சற்று ஓய்வெடுத்தால் தெளிந்துவிடும். அந்தத் தெளிவே அந்தக் குழந்தைக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. "விளையாடும்போது நன்றாகத்தானே இருந்தாய், படிக்கும்போது மட்டும் தூக்கமா?" என்று கேட்டுவிடுகிறோம்.

மருத்துவர் குழந்தையைப் பார்ப்பது சில நிமிடங்கள். அதுவும் பெரும்பாலும் காலை நேரத்தில். முதல் மணியிலிருந்து கடைசி மணிவரை பார்ப்பவர் நீங்கள். எந்த நேரத்தில், எதைச் செய்தபின் தளர்ச்சி வந்தது, ஓய்வுக்குப்பின் எப்படி இருந்தது என்று நான்கைந்து நாள் குறித்துவையுங்கள். நோயின் பெயரை நாமாகச் சூட்ட வேண்டாம். பெற்றோரை அழைத்து அந்தக் குறிப்பைக் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மூச்சுவிடவோ விழுங்கவோ திணறினால் குறிப்பெழுதிக் கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மீனும் பாம்பும் முயலும் மரபணுவும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தை நம் கைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. அதன் பயன் ஒரு குழந்தையைச் சென்றடைய, "இவன் சோம்பேறி இல்லையோ?" என்று ஓர் ஆசிரியருக்கு முதலில் தோன்ற வேண்டும்.